ஒருநாள் விட்டு ஒருநாள் வந்த சாமி

எங்கள் ஊரில் சாமியாடுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கொசு கடித்துச் சாமியாடியவள், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான். இன்றைக்கும் கடைக்குக் கற்பூரம் வாங்க வருகிற பழைய ஆட்கள் சிலர் என்னைப் பார்த்ததும் ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் பேரம் பேசுகிறார்கள். ஆளுக்கு ஆள் அந்தக் கதைக்குக் கை கால் ஒட்டவைத்துக்கொண்டே போவதால், நடந்ததை நடந்தபடி எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. முருகன் கோயில் மலையடிவாரத்தில், படிக்கட்டு தொடங்குகிற இடத்தில் எங்களுக்கு அர்ச்சனைத் தட்டுக் கடை. தேங்காய், பழம், பூ, கற்பூரம் விற்போம். என் வீட்டுக்காரர் அரக்கோணத்தில் ரயில்வே வேலைக்குக் காலை ரயிலில் போய் இருட்டிய பிறகு வருவார். கடையை நானும் நாத்தனாரும் பார்த்துக்கொண்டோம். நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு மூத்தவர், பெயர் வள்ளியம்மா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஆடிக் கிருத்திகை வந்தால் அண்ணிக்கு அருள் வரும். எங்கள் தெருவில் அந்த விஷயத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. மிஞ்ச யாரையும் அவர் விட்டதும் கிடையாது.

எனக்கு அப்போது ஆறாம் மாதம். கல்யாணமாகிப் பல வருஷம் சும்மா இருந்து, பிறகு இரண்டு தடவை தங்கி, இரண்டு தடவையும் கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. இது நிற்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வருஷம் எனக்கு வேறு நினைப்பே இல்லை. மலையைப் பார்க்கும்போதெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனி மாதம் சென்னையில், வண்ணாரப்பேட்டையில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா நன்றாகக் கவனித்துக்கொண்டாள். கொசுவும் நன்றாகவே கவனித்துக்கொண்டது. அந்த வீட்டுக் கிணற்றுக்கும் மாடித் தண்ணீர்த் தொட்டிக்கும் மூடி என்று ஒன்று இருந்ததில்லை. அக்கா கொடுத்த புடவை, ஒரு எவர்சில்வர் தூக்கு, இவற்றோடு இன்னொன்றையும் நான் சுமந்து வந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆடி பிறந்து சில நாள் லேசாக உடம்பு சுட்டது. பிள்ளைத்தாச்சி உடம்பு அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடைக்கு முன்னால் ஒரு காவடிக் கூட்டம் பம்பை அடித்துக்கொண்டு போகும்போது, எனக்குக் குளிர் எடுத்தது. ஆடி வெயிலில் குளிர். முதலில் விரல் நுனி, பிறகு தாடை, பிறகு உடம்பு மொத்தமும் உதறியது. நான் உட்கார்ந்திருந்த ஸ்டூல் ஆடி, ஸ்டூல் மேல் சாய்ந்திருந்த தேங்காய்க் கூடை ஆடி, தேங்காய்கள் தெருவில் உருண்டன. பம்பைக்காரர் அதைப் பார்த்துவிட்டு இன்னும் வேகமாக அடித்தார்.

அவ்வளவுதான். காவடி நின்றது, கூட்டம் கூடியது. யாரோ என் கூந்தலை அவிழ்த்துவிட்டார்கள். என் கடைக் கற்பூரத்தையே எடுத்து என் முகத்துக்கு நேரே ஏற்றினார்கள். அதற்கு யாரும் காசு கொடுத்ததாக ஞாபகம் இல்லை.

அண்ணிக்கு முதலில் முகம் விழுந்துவிட்டது. இத்தனை வருஷம் விரதம் இருந்தவர் அவர். சாமி வந்ததோ வெங்காய சாம்பார் சாப்பிட்டவள் மேல். ஆனாலும் முறை தெரிந்த ஆள் அவர் ஒருவர்தான் என்பதால் முன்னால் வந்து, கையில் விபூதியோடு கேட்டார்.

“வந்திருக்கறது யாரு? பேரைச் சொல்லு.”

எனக்குப் பல் கிட்டிப்போயிருந்தது. மிகவும் முயன்று, “கம்பளி” என்றேன்.

“கம்பளி கேக்கறான் முருகன். மலை மேல குளுருதாம்” என்று அண்ணி கூட்டத்துக்குச் சொன்னார்.

ஒருவர் ஓடிப்போய்க் கம்பளி வாங்கி வந்தார். அதைப் போர்த்தினார்கள். குளிர் அடங்கி, உடம்பு அனலாகக் கொதிக்க ஆரம்பித்ததும் கம்பளியை உதைத்துத் தள்ளினேன். கொஞ்ச நேரத்தில் வேர்த்து ஊற்றி, துணி நனைந்து, துவண்டு கிடந்தேன். “சாமி மலையேறிடுச்சு” என்று அண்ணி அறிவித்தார். கூட்டம் கலைந்தது.

இப்போது சிரிக்கிறேன். அன்றைக்கு எனக்கே சந்தேகமாகத்தான் இருந்தது. அவ்வளவு கேட்டிருக்கிறேனே, ஒருவேளை வந்திருப்பானோ என்று நினைத்தேன். புதன்கிழமை உடம்பு பளிச்சென்று இருந்தது வேறு. கடையைத் திறந்து பூக் கட்டினேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அதே நேரத்துக்கு மறுபடி வந்தது. வெள்ளிக்கிழமை இல்லை. சனிக்கிழமை வந்தது. இதற்குள் அண்ணியின் முகம் தெளிந்திருந்தது. சாமி தன் மேல் வராவிட்டாலும் தன் வீட்டுக்குத்தானே வருகிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, நிர்வாகத்தைக் கையில் எடுத்துவிட்டார். மத்தியானமானால் கடை முன்னால் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டார். வந்தவர்களை வரிசையில் உட்கார வைத்தார். கே.ஜி.கண்டிகையிலிருந்து ஒருவர் காணாமல் போன ஆட்டைப் பற்றிக் கேட்க வந்தார். நான் சொன்ன ஒரே வார்த்தை கம்பளிதான். அவர் ஆட்டை விட்டுவிட்டு, அடுத்த தடவை கம்பளியோடு வந்தார். அந்த ஆடி மாதத்தில் எங்கள் வீட்டில் சேர்ந்த கம்பளிகளை வைத்து ஊட்டியில் கடை போட்டிருக்கலாம்.

சாமி ஏன் ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிறது என்று கேட்டவர்களுக்கும் அண்ணியிடம் பதில் இருந்தது.

“செவ்வாக்கெழம அவன் நாளு. வியாழன் குருவாரம், அப்பனுக்கே பாடம் சொன்ன குரு இல்லியா? சனிக்கெழம பெருமாளு, மாமனுக்காக வந்தான்.”

திங்கள்கிழமையும் வந்தபோது, “அப்பாவோட நாளு” என்று அதையும் முடித்துவிட்டார்.

வீட்டுக்காரர் பாவம். அவர் ரயிலில் போன பிறகு வந்து, அவர் ரயில் வருவதற்குள் போய்விடுகிற சாமி அது. பிளாட்பாரத்தில் இறங்கும்போதே, “உங்க வூட்ல சாமி வந்துகினு இருக்காமே” என்று யாராவது சொல்வார்கள். வீட்டுக்கு வந்தால் நான் வெளுத்துப்போய்ப் படுத்திருப்பேன். நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்துத் தெரு கிளினிக்கில் காட்டினார். அன்றைக்குத்தான் எனக்கு ஒன்றும் இல்லையே. மாசமான உடம்பு, வெயில் என்று சொல்லிக் காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளைப் பார்க்கிற நாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு வழக்கமான பரிசோதனைக்குப் போனேன். லேடி டாக்டர் சின்ன வயசு, சிரிக்காத முகம். என் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். இடது விலாவுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினார். நான் கத்திவிட்டேன்.

“இங்க என்ன இவ்வளவு வீங்கியிருக்கு? காய்ச்சல் வருதா?”

“காய்ச்சல்னு இல்லீங்க. சாமி வருது” என்றேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். எப்போது வருகிறது, எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குளிர், பிறகு கொதிப்பு, பிறகு வேர்வை என்று சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. “அடுத்தது எப்போ வரணும்?” என்று கேட்டார். நாளைக்கு என்றேன். “நாளைக்கு அது வர்றதுக்கு முன்னாடியே நீங்க இங்க வந்துடணும். நடுங்கும்போது ரத்தம் எடுத்துப் பார்க்கணும். லேட் பண்ணினா குழந்தைக்கு ஆபத்து” என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையை வீடு வரை சுமந்துகொண்டு வந்தேன். அருள் வரும் நேரத்தில் ஆளை இடம் மாற்றக்கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அண்ணி விடமாட்டார் என்று நினைத்துத்தான் பயந்தபடி சொன்னேன். அவரோ காலண்டரைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். விஷயம் பிறகுதான் புரிந்தது. மறுநாள் புதன்கிழமை. புதன்கிழமைக்கு என்ன சொல்வது என்று அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. அப்பன் ஆச்சு, மாமன் ஆச்சு, குரு ஆச்சு. புதனுக்கு முருகன் வீட்டில் அவருக்கு ஒரு சொந்தக்காரரும் அகப்படவில்லை.

“புதங்கெழம வந்தா அது சாமி இல்ல. ஆஸ்பத்திரிக்கே போலாம்” என்றார். தம்பியைப் பார்த்து, “நைனா, நாளைக்கு லீவு போடு” என்றும் சொன்னார்.

மறுநாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் நான் நடுவில், இரண்டு பக்கமும் அவர்கள். சொன்ன நேரத்துக்கு வந்தது. பெஞ்சோடு சேர்ந்து மூன்று பேரும் ஆடினோம். எதிர் பெஞ்சில் கைக்குக் கட்டுப் போட்டிருந்த ஒருவர் ஒற்றைக் கையால் கும்பிட்டார். ஒரு அம்மா செருப்பைக் கழற்றினாள். மருந்துத் தட்டோடு போன நர்ஸ் நின்று, இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டு, என் காதருகே குனிந்து, “எனக்குச் சொந்த ஊருக்கு டிரான்ஸ்பர் கெடைக்குமா?” என்று கேட்டார். கம்பளி என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்.

லேப்காரர் ஊசியும் கண்ணாடித் தகடுமாக வந்தார். இத்தனை பேர் கும்பிடுவதைப் பார்த்ததும் அண்ணிக்குப் பழைய நம்பிக்கை திரும்பிவிட்டது. குறுக்கே நின்றுகொண்டார்.

“சாமி வந்த ஒடம்புல இரும்பு படக்கூடாதுங்க.”

லேப்காரர் உள்ளூர்க்காரர். “இன்னாம்மா சொல்றீங்க? ஆடிக் கிருத்திகைக்கு நாக்குல வேலு குத்திகினு இதே மலைக்குத்தானே ஏறி வர்றாங்க? வெரல்ல ஒரு ஊசி குத்தக்கூடாதா?”

அண்ணி நகர்ந்துகொண்டார். லேப்காரருக்கு இருந்த ஒரே சிரமம் ஆடிக்கொண்டிருந்த என் விரலைப் பிடிப்பதுதான். வீட்டுக்காரர் என் மணிக்கட்டை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

மலேரியா என்று சொன்னார்கள். அன்றே சேர்த்துக்கொண்டார்கள்.

பெண்கள் வார்டில் ஜன்னலோரக் கட்டில். கசப்பு என்றால் அப்படி ஒரு கசப்பு மாத்திரை. முதல் தடவை வாந்தி எடுத்தேன், மறுபடி கொடுத்தார்கள். அரசு ஆஸ்பத்திரி என்பதால் பில் பயம் இல்லை. ஆனால் எனக்கு இருந்த பயம் வேறு. வியாழக்கிழமை காலையில்தான் கவனித்தேன், பிள்ளை அசையவில்லை. முந்தின நாள் அந்தக் கொதிப்புக்கு முன் அசைந்தது, அதற்குப் பிறகு இல்லை. சொன்னால் உண்மையாகிவிடுமோ என்று வெகுநேரம் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணிதான் என் கை வயிற்றை விட்டு நகராததைக் கவனித்துவிட்டு, எழுந்து ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தார்.

டாக்டர் ஒரு மரக்குழலை வயிற்றில் வைத்து அதில் காதை வைத்தார். ஒரு இடம், இன்னொரு இடம், மறுபடி முதல் இடம். வார்டில் மின்விசிறி கடகடவென்று சுற்றியது. அதை நிறுத்தச் சொன்னார். அந்த நேரம் நான் பயந்ததைப்போல் வாழ்க்கையில் எப்போதும் பயந்ததில்லை. வந்தது சாமியோ கொசுவோ, யாராக இருந்தாலும் என்னை எடுத்துக்கொள், இதை விட்டுவிடு என்று கேட்டேன். கடைசியில் டாக்டர் ஒரு விரலை உயர்த்தி, அந்த விரலால் காற்றில் தட்டிக் காட்டினார். வேகமாக, சீராக. “ஓடுது” என்றார். அண்ணி தரையில் உட்கார்ந்து முந்தானையில் மூக்கைச் சிந்தினார். நான் அழுதேன். பக்கத்துக் கட்டில்காரி, என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்து அழுதாள்.

அடுத்த முறை வரவேண்டிய வெள்ளிக்கிழமை மத்தியானம் லேசான குளிரோடு போய்விட்டது. அன்று மாலை டாக்டர் கட்டில் ஓரமாக உட்கார்ந்து விளக்கினார். கேள்வி கேட்டது அண்ணி.

“கொசு கடிச்சப்ப உள்ள போன கிருமி மொதல்ல கல்லீரல்ல போய் ஒளிஞ்சிக்குது. அப்போ ஒண்ணுமே தெரியாது. அப்புறம் ரத்தத்துல சிவப்பணுவுக்குள்ள பூந்துடுது. சிவப்பணு நம்மளோடது. அதுக்குள்ள இருக்கறதால காவல் காக்கற வெள்ளை அணுவுக்கு லேசுல அடையாளம் தெரியாது.”

“மொட்ட போட்டு சந்தனம் பூசிகினு பிக்பாக்கெட்டுக்காரன் கூட்டத்துல பூந்துட்ட மாரியா?” என்றார் அண்ணி.

டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். “அதேதான். உள்ளேயே பெருகி, ஒருநாள் விட்டு ஒருநாள், எல்லாம் ஒரே நேரத்துல அணுவை உடைச்சிட்டு வெளிய வருது. அப்போ அதோட குப்பையும் கொட்டுது. நம்ம காவல்காரங்களுக்கு அந்தத் திருடன் பேரு, மூஞ்சி எதுவும் தெரியாது. பொறந்ததுலேர்ந்து தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, இந்தக் குப்பை நம்ம வீட்டுது இல்லைங்கறது. அதைப் பார்த்ததும் விசில் அடிக்கறாங்க. அந்த விசில் ஒரு ரசாயனம். மூளைக்குப் போகுது. மூளை உடம்பைச் சூடாக்கச் சொல்லுது. சூடு உண்டாக்கத்தான் தசையெல்லாம் நடுங்குது.”

“அப்போ ஆட்டி வெக்கறது அந்தக் கிருமி இல்லியா?”

“இல்லைம்மா. ஆடறது இவங்க உடம்புதான். சண்டை போடுது. திருடனோட முகத்தைப் படிச்சு வெச்சுத் தேடற போலீஸ் வேற இருக்காங்க, அவங்க வந்து சேர நாளாகும். அதுவரைக்கும் இவங்கதான் தாங்கணும்.”

விலாவுக்குக் கீழே வீங்கியிருந்தது மண்ணீரலாம். கெட்டுப்போன அணுக்களை வடிகட்டிப் பிடிக்கிற இடம். பிடித்துப் பிடித்தே வீங்கிவிட்டது. தடியடி என்று வந்தால் பக்தர்களுக்கும் அடி விழுவதைப்போல நல்ல சிவப்பணுக்களும் கூடவே அழிவதால்தான் நான் வெளுத்துப்போனேனாம். லேப்காரர் எங்களை மைக்ராஸ்கோப்பில் பார்க்கவிட்டார். ஒரு பெரிய வெள்ளை அணு, வயிற்றில் பழுப்புப் பொடியோடு இருந்தது. கிருமி விட்ட மிச்சத்தைத் தின்று தீர்த்த அணு அது. பெருவிழுங்கி என்று புத்தகத்தில் பெயராம். “இன்னா சாப்பாடு” என்றார் அண்ணி, மரியாதையாக.

பிறகு தயங்கித் தயங்கி டாக்டரைக் கேட்டார். “அப்போ சாமி வரவே இல்லீங்களா?”

“சாமி வந்தா தெர்மாமீட்டர் ஏறாதும்மா” என்றார் டாக்டர்.

மறுநாள் காலை அண்ணி வார்டுக்கு வந்தபோது பின்னால் ஒரு ஆட்டோ நிறையக் கம்பளிகள் வந்தன. சாமிக்குக் கொடுத்ததைத் தான் வைத்துக்கொள்ளக்கூடாது என்று, வார்டில் குளிர்க் காய்ச்சலோடு கிடந்த ஒவ்வொருத்திக்கும் ஒன்றாகப் போர்த்திவிட்டார். எனக்கு மலையிலிருந்து புளியோதரை. கசப்பு போன நாக்கில் அது இறங்கியபோது பிள்ளை உள்ளேயிருந்து ஒரு உதை விட்டது. அண்ணி கையைப் பிடித்து அங்கே வைத்தேன். “புளிப்பு கேக்குது” என்றார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு எச்சரிக்கை சொன்னார். கிருமியில் சில இன்னும் கல்லீரலில் தூங்கிக்கொண்டிருக்கும். அவற்றை ஒழிக்கும் மாத்திரையை வயிற்றில் பிள்ளை இருக்கும்போது கொடுக்கக்கூடாது. பிரசவம் வரை வாரம் ஒருமுறை பழைய கசப்பு மாத்திரை, மற்றது பிள்ளை தாய்ப்பால் மறந்த பிறகு. “நடுவுல மறுபடி வந்தாலும் வரும். வந்தா கற்பூரம் ஏத்தாதீங்க, இங்க வாங்க” என்றார், அண்ணியைப் பார்த்து.

கார்த்திகையில் பெண் பிறந்தாள். எடை கொஞ்சம் குறைவு, குரலில் குறைவில்லை.

அடுத்த ஆடிக்கு முன்னால் மலை மேல் அவளுக்கு மொட்டை. முடி இறக்கி, சந்தனம் பூசி, அண்ணி மடியில் பாப்பா கத்திக்கொண்டிருந்தாள். எங்கேயோ பம்பை அடித்தார்கள். எனக்கு விரல் நுனியில் ஆரம்பித்தது. பிறகு தாடை. தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

சுற்றி ஆள் சேர்வதற்கு அங்கே எவ்வளவு நேரம் ஆகும்? ஆந்திராப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் குழந்தைகளோடு வந்து கும்பிட்டு நின்றது. யாரோ கற்பூரத் தட்டை எடுத்து அண்ணியிடம் நீட்டினார்கள். அண்ணி பாப்பாவை இடுப்பில் மாற்றிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தார். தட்டை வாங்கவில்லை. புறங்கையை என் கழுத்தில் வைத்துப் பார்த்தார். கும்பிட்ட கைகள் எல்லாம் அவர் கேட்கப்போகும் கேள்விக்குக் காத்திருந்தன. அவரும் கேட்டார், பழைய முறை மாறாமல்.

“வந்திருக்கறது யாரு? பேரைச் சொல்லு.”

பல் கிட்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் இந்தத் தடவை சொன்னேன்.

“நான்தான் அண்ணி. சுகுணா.”

“ஆங், தெரியுது” என்றார் அண்ணி. “புடிச்சிகினு எழுந்திரு. தம்பி ஆட்டோ கூட்டியாரப் போயிருக்கான்.”